முழிச்சியின் இடது பூட்ஸ்

ஒரே காம்பவுண்டுக்குள் அண்ணன் வீடும் தம்பி வீடும். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். இரண்டு பேருக்கும் ஆகாது என்று யாரும் சொல்லிவிட முடியாது; ஆகும் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஒருத்தி வீட்டில் உப்புத் தீர்ந்தால் இன்னொருத்தி வீட்டுக் கதவைத் தட்டாமலே உள்ளே போய் எடுத்துக்கொள்வாள். எடுத்ததை மற்றவள் ஒரு வாரம் கழித்து, நாலு பேர் முன்னால், சிரித்துக்கொண்டே சொல்லிக்காட்டுவாள். அந்த மாதிரி உறவு.

பெரியவளுக்குத் தோல் வேலை. வீட்டுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட பட்டறை. சேணம், கடிவாளம், வயிற்றுவார், பெல்ட், கைப்பை, எது பிய்ந்தாலும் அவளிடம்தான் வரும். குதிரை வைத்திருக்கிறவர்கள் அந்த ஊரில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் அவள் தையலைப் பற்றி ஒரே மாதிரிதான் பேசுவார்கள்: தோல் நைந்து போகும், அந்த அம்மா போட்ட தையல் அப்படியே இருக்கும். பெரியவளுக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

சின்னவள் பல் டாக்டரிடம் நர்ஸ். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்துக்கொண்டு நிற்கிற வேலை. அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் குதிரை. பட்டறையை ஒட்டின கொட்டிலில் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை நின்றது. எதைப் பார்த்தாலும், வாளியைப் பார்த்தாலும்கூட, இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோலக் கண்ணை உருட்டும். அதனால் அதன் பெயர் முழிச்சி. அதை வைத்துக்கொண்டு சின்னவள் நெடுந்தூர ஓட்டங்களுக்குப் போவாள். ஒரே நாளில் எண்பது கிலோமீட்டர், காடும் மேடும் கல்லுமாக. வழியில் நிறுத்தங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கால்நடை டாக்டர் குதிரையின் நாடியைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டு, ஓடவிட்டு, சரியாக இருந்தால்தான் மேலே அனுப்புவார்.

முழிச்சிக்குக் குணத்தில் குறை கிடையாது. குளம்பில்தான் குறை. லாடம் அடித்தால் நிற்காது. ஆணி இறங்கின இடமெல்லாம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து, லாடம் கழன்று, கூடவே குளம்பின் ஓரமும் போய்விடும். கடைசியில் லாடக்காரரே, "இதுக்கு மேல அடிச்சா எனக்குப் பாவம் சேரும்மா" என்று கைவிரித்துவிட்டார். அப்போதுதான் சின்னவள் எங்கெங்கோ விசாரித்துக் குளம்பு பூட்ஸ் வாங்கினாள். கெட்டியான ரப்பர் கூடு. குளம்பு அதற்குள் இறங்கி உட்காரும். முன்னால் கம்பியும் பக்கிளும். மேலே கணுக்காலைச் சுற்றிக்கொள்ள மெத்தென்ற ஒரு பட்டை. வீட்டிலும் வயல்வெளியிலும் முழிச்சி வெறுங்காலோடு நடக்கும். கல்லுப்பாதைக்குப் போகிற அன்றைக்கு மட்டும் நாலு காலுக்கும் பூட்ஸ். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவியதும் சின்னவள் எஃகு ஸ்கேலோடு குத்தவைத்து உட்கார்ந்து நீளம், அகலம் இரண்டையும் எடுத்து நோட்டில் எழுதுவாள். பூட்ஸ் இறுகினால் குதிகால் சதையைத் தேய்க்கும், தளர்ந்தால் முறுக்கிக்கொண்டு திரும்பும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுப்பாள்.

"என் செருப்பு சைஸ் என்னன்னு கேளுங்க அண்ணி, இவளுக்குத் தெரியாது. குதிரைக்கு மில்லிமீட்டர்ல சொல்லுவா" என்பான் அவள் புருஷன். அவன் மின்சாரக் கம்பங்களில் ஏறுகிற லைன்மேன். பெண்டாட்டி குதிரையில் ஏறுவதைப் பார்த்தால் மட்டும் அவனுக்குப் பயம்.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலம்.

எல்லாம் கெட்டுப்போன அந்த ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின திங்கட்கிழமை எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், முதுகு வலிக்கிறது என்றாள். சின்னவள் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கென்னக்கா, உக்காந்த இடத்துல வேலை. என்னை மாதிரி ஒம்பது மணி நேரம் நின்னு பாருங்க, அப்ப தெரியும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனவளுக்குத் தட்டைத் தேய்க்கத் தேய்க்க அது உள்ளே இறங்கியது. இருபது வருஷமாகக் குத்தூசி பிடித்துக் கட்டைவிரல் காய்த்துப்போன கை. உட்கார்ந்த இடத்தில் வேலையாம்.

வியாழக்கிழமை சின்னவள் நாலு பூட்ஸையும் ஒரு சாக்குப்பையில் கொண்டுவந்து பட்டறை மேஜைமேல் கொட்டினாள்.

"அக்கா, இடது முன்னங்கால்ல பட்டை ஒரு பக்கம் கூட்டை விட்டுப் பிரிஞ்சிருக்கு. கொஞ்சம் தைச்சுக் குடுத்துடுங்க. உங்க கைக்குப் பத்து நிமிஷ வேலை."

"ஞாயித்துக்கிழமை ஓட்டத்தை வெச்சுக்கிட்டு இப்ப கொண்டுவர்றியா?"

"இன்னிக்குத்தான் பாத்தேன்க்கா. ஸ்பேர் ஒண்ணு இருக்கு, ஆனா அது ஒரு சைஸ் பெருசு. டேப்பு சுத்தித்தான் மாட்டணும். இதுதான் அவ காலுக்குப் பழகினது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பெரியவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பத்து நிமிஷ வேலை இல்லை அது. பழைய நூலை உருவி, நைந்த ஓரத்தை வெட்டி, உள்ளே ஒரு வலுப்பட்டை வைத்து, தடித்த மெழுகு நூலால் கையாலேயே இரண்டு வரிசை போட வேண்டும். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் உட்கார்ந்தாள். மெஷினில் ஒரு கைப்பையின் உள்துணிக்காக வெள்ளை நூல் கோத்திருந்தது. மெல்லிய நூல். மெழுகு நூல் கண்டு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. எழுந்து எடுக்க வேண்டும். அவளுக்கு முதுகு வலித்தது. முதுகை நினைத்ததும் திங்கட்கிழமைப் பேச்சு ஞாபகம் வந்தது. பட்டையை மடித்துப் பிடித்து அந்த வெள்ளை நூலாலேயே மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டினாள். இப்போதைக்கு இது நிற்கட்டும், நாளைக்குக் கையால் இரண்டு வரிசை போட்டுவிடலாம் என்று எண்ணிக்கொண்டு விளக்கை அணைத்தாள். போட்டுவிடத்தான் நினைத்தாள். அதில் பொய் இல்லை.

சனிக்கிழமை காலையில் ஒருவர் வீட்டுக்குச் சேணம் பொருத்திப் பார்க்கப் போனவள் மத்தியானம் திரும்பினாள். மேஜை காலியாக இருந்தது. சின்னவள் வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். குதிரையை ஏற்றிக்கொண்டு வண்டி ஏற்கெனவே கிளம்பிவிட்டது. ஓட்டம் தொடங்குகிற இடத்தில் முந்தின நாளே போய்த் தங்குவது வழக்கம்.

பெரியவள் போனைக் கையில் எடுத்தாள். என்ன சொல்வது? பாதிதான் தைத்தேன் என்றா? "பத்து நிமிஷ வேலைக்கு ரெண்டு நாளாக்கா?" என்று அவள் கேட்பாள். கேட்கமாட்டாளோ என்னவோ. கேட்கிற குரல் பெரியவளின் காதில் விழுந்துவிட்டது. ஒரு நாள்தானே, தாங்கும் என்று போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவளும் கொழுந்தனும் தனி வண்டியில் முதல் நிறுத்தத்துக்குப் போனார்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது, ஈரத்துணி போடுவது, சின்னவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு. முப்பதாவது கிலோமீட்டரில் சின்னவள் நாலாவதாக வந்து இறங்கினாள். முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளை. டாக்டரம்மா நாடியைப் பார்த்து, ஓடவிட்டுப் பார்த்து, "அருமையா இருக்கா, போகலாம்" என்றாள். சின்னவள் குனிந்து ஒவ்வொரு பூட்ஸாகத் துடைத்தாள், உள்ளே போன மணலை விரலால் வழித்தெடுத்தாள். இடது முன்னங்காலில் சற்று அதிக நேரம் குனிந்திருந்த மாதிரி பெரியவளுக்குத் தோன்றியது. ஆனால் சின்னவள் நிமிர்ந்து, தண்ணீரைக் குடித்து, ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் சரியா இருக்கா?" என்று பெரியவள் கேட்டாள்.

"இருக்குக்கா" என்றாள் சின்னவள்.

அவர்களும் டாக்டரம்மாவும் முன்னால் போய்க் காத்திருந்த இரண்டாவது நிறுத்தத்துக்கு அவள் வரவில்லை. ஐந்தாவதாக வர வேண்டியவர் வந்தார், ஆறாவது ஆளும் வந்தார். ஏழாவதாக வந்த மனிதர்தான் குதிரையிலிருந்து இறங்காமலே சொன்னார். ஓடைக்கு இறங்குகிற கல்லுச் சரிவில் ஒரு அம்மா விழுந்து கிடக்கிறார், பேச்சு இருக்கிறது, எழ முடியவில்லை. குதிரை காலில் ஏதோ தொங்கிக்கொண்டு தறிகெட்டு ஓடிவிட்டது. இரண்டு பேர் அந்த அம்மா பக்கத்தில் இருக்கிறார்கள்.

கொழுந்தன் அதற்கு முன் அப்படி ஓடியிருக்கமாட்டான். ஆம்புலன்ஸ் ஜீப்பில் அவனும் தொற்றிக்கொண்டு போய்விட்டான். போகும்போது, "அண்ணி, குதிரையைப் பாருங்க. அது கிடைக்கலன்னா இவ ஆஸ்பத்திரியிலயும் படுக்கமாட்டா" என்று கத்திவிட்டுப் போனான்.

பெரியவளும் டாக்டரம்மாவும் சரிவுக்குக் கீழே குதிரையின் காலடித் தடம் பார்த்து நடந்தார்கள். உச்சிவெயில். முழிச்சி ஓடின வழி புரிந்துகொள்ளச் சுலபமாக இருந்தது. புதர்கள் ஒடிந்திருந்தன, சில இடங்களில் கல்லில் ரத்தத் துளி. ஒரு வளைவில் டாக்டரம்மா முன்னால் போய்விட்டாள். பெரியவள் பின்தங்கி மூச்சு வாங்கினபோது முள்புதருக்குள் கறுப்பாக ஏதோ கிடந்தது. கையை விட்டு எடுத்தாள்.

இடது முன்னங்கால் பூட்ஸ். கூடு கூடாகவே இருந்தது. பக்கிள் பூட்டினபடியே இருந்தது. பட்டை மட்டும் ஒரு பக்கம் முழுக்கப் பிரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. பிரிந்த ஓரத்தில் வரிசையாக வெள்ளை நூல் துணுக்குகள்.

வேறு யாருக்கும் அது நூல். அவளுக்கு அது தன் கையெழுத்து. நடந்ததெல்லாம் அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துபோயிற்று. தையல் விட்டிருக்கிறது, பிடி தளர்ந்து கூடு குளம்பிலிருந்து கழன்றிருக்கிறது, மறுபக்கப் பட்டையில் தொங்கிக்கொண்டு காலில் அடித்திருக்கிறது, குதிரை மிரண்டிருக்கிறது. முன்னால் டாக்டரம்மா ஏதோ கூப்பிட்டாள். பெரியவள் பூட்ஸைத் தோள்பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தாள்.

முழிச்சி ஒரு கல்குவாரியின் எடைமேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அங்கே இருந்த எழுத்தர் ஒருவர் வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு எட்ட நின்று, "ரொம்ப நேரமா இங்கயே நிக்குதும்மா. கிட்டப் போனா முழிக்குது" என்றார். இடது முன்னங்காலை மண்ணில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்திருந்தது. குதிகால் சதை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. கம்பி அறுத்த காயம் கணுக்காலைச் சுற்றி ஓடியது.

டாக்டரம்மா கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டாள். "அந்த பூட்ஸ் எங்கயாவது கண்ணுல பட்டுச்சா? கிடைச்சா நல்லது. எதனால கழண்டுதுன்னு அறிக்கையில எழுதணும்."

"இல்லையே டாக்டர்" என்றாள் பெரியவள்.

நூலைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தது ஒரு தப்பு. இது இரண்டாவது. முதல் தப்புக்கு முதுகுவலி, கோபம் என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு ஒன்றும் இல்லை.

சின்னவளுக்கு இடுப்பெலும்பில் விரிசல், வலது மணிக்கட்டு முறிவு. நாலு நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் ஆறு வாரம் படுக்கை. பெரியவள்தான் எல்லாம் பார்த்தாள். காலையில் போய் முதுகைத் துடைத்துவிட்டு, தலை வாரிவிட்டு, மத்தியானமும் ராத்திரியும் சூப்பும் சோறும் எடுத்துக்கொண்டு போய் ஊட்டிவிட்டு, நடுவில் இரண்டு தடவை கொட்டிலுக்குப் போய் முழிச்சியின் காலைக் குழாய்த் தண்ணீரில் கழுவி மருந்து வைத்துக் கட்டு மாற்றினாள். அக்கம்பக்கத்தில், "ஓரகத்தின்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியவளுக்குக் காது சுட்டது.

பூட்ஸ் பட்டறையில் மெழுகு நூல் கண்டுக்குப் பின்னால், ஒரு பழைய துணிக்குள் இருந்தது. வேலையில் அவளுக்குக் கை ஓடவில்லை. ஒரு கடிவாளத்தை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். ஊசி துளைக்கிற ஒவ்வொரு இடத்திலும், இது விட்டுவிட்டால் யார் விழுவார்கள் என்று கணக்குப் போட்டது மனசு.

இதில் கொழுந்தன் வேறு. பயந்த மனுஷன் பயம் தெளிந்ததும் கோபக்காரனாக மாறிவிட்டான். சாப்பாடு ஊட்டும்போது பக்கத்திலேயே நின்றுகொண்டு ஆரம்பித்துவிடுவான்.

"மில்லிமீட்டர் பாக்கத் தெரியுது. பக்கிளை ஒழுங்கா மாட்டத் தெரியல. நாலாவதா வந்த அவசரம். உயிரோட இருக்கியே, அதுவே பெருசு."

சின்னவள் பதில் பேசமாட்டாள். எதற்கும் பதில் வைத்திருக்கிறவள். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். பெரியவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, பக்கிள் பூட்டினபடிதான் இருந்தது என்று சொல்லத் தெரிந்தும் சொல்லாமல், "விடுங்க தம்பி, சாப்பிடும்போது எதுக்கு" என்பாள்.

தன் புருஷனிடம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்; எதையும் கூட்டிக் கழித்துத்தான் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல்லி என்ன ஆகப்போகுது? எலும்பு கூடிக்கிட்டுதான் இருக்கு. நீ சொன்னா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சுவர் எழும்பும். அவ்வளவுதான்."

அவள் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் மூன்று நாள் ஓட்டினாள்.

பதினோராம் நாள் காலையில் அவள் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் யாரோ ஒருவரைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். குதிரைச் சவாரி கற்றுக்கொடுக்கிறவர். முழிச்சியின் வாயைத் திறந்து பார்த்தார், காலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆறினதும் எடுத்துக்கொள்கிறேன், பிள்ளைகளை ஏற்றி நடக்கவிட ஆகும் என்றார்.

அவர் போனதும் பெரியவள், "அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவதான் குடுத்துடச் சொன்னா அண்ணி. நேத்து அவளாவே சொன்னா. எனக்குக் கவனம் பத்தல, இனிமே நான் ஏறக்கூடாது, என்னால அந்த வாயில்லா ஜீவன் கால் போச்சுன்னு. நான் திட்டினது கொஞ்சம் அதிகமாயிடுச்சோ என்னவோ."

பெரியவள் கட்டை முடிச்சுப் போட்டு முடித்தாள். கை கழுவினாள். பட்டறைக்குள் போய் அலமாரியிலிருந்து துணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சின்னவள் அறைக்குப் போனாள். யோசித்தால் நின்றுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

சின்னவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியவள் பொட்டலத்தை அவள் மடியில் வைத்துப் பிரித்தாள்.

"இது அன்னிக்கே கிடைச்சுது. நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

சின்னவள் பூட்ஸைப் பார்த்தாள். இடது கையால் பட்டையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"பக்கிள் பூட்டித்தான் இருக்கு, பாத்தியா. உன் மேல தப்பில்ல. நான் மெஷின்ல ஒத்தை ஓட்டு ஓட்டி வெச்சிருந்தேன், பை தைக்கிற நூல்ல. அடுத்த நாள் கையால போடலாம்னு. நீ வந்து எடுத்துட்டுப் போயிட்ட. போன் பண்ணியிருக்கலாம். பண்ணல."

"ஏன் பண்ணல?"

"நீ திங்கக்கிழமை சொன்னியே, உக்காந்த இடத்துல வேலைன்னு. அந்தக் கோபம்." சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விஷயம் என்று பெரியவளுக்கு வெட்கமாக இருந்தது. "அதுக்காக நீ விழணும்னு நினைக்கல. ஆனா அந்தக் கோபத்துலதான் எந்திரிச்சு நூலை எடுக்கல."

சின்னவள் வெள்ளை நூல் துணுக்கு ஒன்றை நகத்தால் நிரடிக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"முதல் நிறுத்தத்துலயே பாத்தேன்."

"என்ன?"

"ஓரத்துல நாலஞ்சு தையல் விட்டிருந்துது. நூல் மெலிசா இருக்கேன்னும் பாத்தேன். வண்டியில ஸ்பேர் இருந்துது. டேப்பு சுத்தி மாட்ட இருபது நிமிஷம் ஆகும். நாலாவதா இருந்தேன். அக்கா தைச்சது, இன்னும் அம்பது கிலோமீட்டர் தாங்காதான்னு ஏறிட்டேன்." பட்டையைக் கையிலிருந்து விட்டாள். "அவரு பக்கிள் பக்கிள்னு திட்டும்போது வாயை மூடிக்கிட்டு இருந்தேன். பாத்தும் போனேன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு."

பெரியவளுக்குத் தன் பாரத்தில் பாதி இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. 'அக்கா தைச்சது' என்ற இரண்டு வார்த்தை அவளைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டது. தையல் பிரிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் அந்தப் பெண் ஏறியிருக்கிறாள், நூலை நம்பி அல்ல, அக்காவை நம்பி.

அழுகை வரும், கையைப் பிடித்துக்கொள்வோம் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். சின்னவள் நிமிர்ந்து பார்த்த பார்வை அப்படி இல்லை.

"பதினோரு நாளா எனக்குச் சோறு ஊட்டினீங்க" என்றாள். "தினமும். ரெண்டு வேளை. இதை அலமாரியில வெச்சுக்கிட்டு."

"ஆமா."

"டாக்டர் இதைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன்."

"போங்கக்கா. கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்க. உங்களைப் பாத்தா நான் பேசக்கூடாததைப் பேசிடுவேன்."

பெரியவள் வெளியே வந்தாள். வந்த சூட்டோடு கொழுந்தனிடமும் சொன்னாள், தன் பங்கை மட்டும். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அரைமணி நேரம் கழித்துச் சவாரிக்காரருக்குப் போன் செய்து குதிரை கொடுப்பதாக இல்லை என்று சொன்னான். பெரியவள் டாக்டரம்மாவிடமும் போனாள். டாக்டரம்மா பூட்ஸை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, "எழுதிடறேன்" என்றாள். அந்த வருஷம் குதிரைக்காரர்களில் ஏழெட்டுப் பேர் வேறு ஊருக்குச் சேணத்தைக் கொண்டுபோய்த் தைத்துக்கொண்டார்கள். பெரியவள் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

சின்னவள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு ஆள் வைத்துக்கொண்டார்கள். உப்பு எடுக்க யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. ஆனால் குதிரையின் கால் ஆறுகிற வரையில் கட்டு மாற்றியாக வேண்டுமே. கொட்டில் கதவில் ஆணியடித்து ஒரு நோட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெரியவள் கட்டு மாற்றிவிட்டு எழுதுவாள்: வீக்கம் குறைவு, நாற்றம் இல்லை, சதை சிவப்பாக வளர்கிறது. கொழுந்தன் நோட்டை எடுத்துப் போய்க் காட்டுவான். மறுநாள் அதன் கீழே இடது கையால் கோணல்மாணலாக ஒரு வரி இருக்கும்: உள்பக்க ஓரம் எப்படி? பெரியவள் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு எழுதுவாள். இரண்டு மாதம் இப்படியே நடந்தது. 'அக்கா' என்று ஒருமுறைகூட அந்த நோட்டில் வரவில்லை.

ஐந்தாவது மாதம் டாக்டரம்மா வந்து பரிசோதனை செய்தாள். கொழுந்தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிமெண்ட் தரையில் முழிச்சியை நடத்தினான், ஓட்டினான். சின்னவள் ஊன்றுகோலோடு வாசற்படியில் நின்றாள். பெரியவள் பட்டறைக் கதவுக்குள்ளேயே நின்றாள். நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஓடும்போது இடது காலை ஊன்றுகிற நேரத்தில் தலை லேசாக மேலே போனது. பார்க்கத் தெரியாதவர்களுக்குத் தெரியாது. வலி இன்னும் போகவில்லை என்று அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரிந்தது.

"மெத்து மண்ணுல ஓட்டலாம். கல்லுப்பாதையில மெதுவா நடத்தலாம், பூட்ஸ் போட்டு" என்றாள் டாக்டரம்மா. "எண்பது கிலோமீட்டரை மறந்துடுங்க. அடுத்த வருஷம் வேணா திரும்பப் பாப்போம், ஆனா நான் வாக்குக் குடுக்கமாட்டேன்."

சின்னவள் தலையாட்டினாள். குதிரையின் கழுத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் ஊன்றுகோல் சத்தம் பட்டறை வாசலில் கேட்டது. சின்னவள் ஒரு புதுப் பட்டையும் பழைய இடது கூட்டையும் மேஜைமேல் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"குளம்பு கொஞ்சம் அகலமாயிருக்கு, நாலு மில்லிமீட்டர். தழும்பு மேல படாம பட்டையைக் கொஞ்சம் மேல ஏத்தித் தைக்கணும். நான் இங்கயே இருக்கேன்."

"ஒண்ணரை மணி நேரம் ஆகும்" என்றாள் பெரியவள்.

"ஆகட்டும்."

பெரியவள் எழுந்து மெழுகு நூலை எடுத்தாள். வலுப்பட்டையை வெட்டினாள், துளையிட்டாள், கையால் இரண்டு வரிசை போட்டாள். நடுவில் இரண்டு பேரும் பேசின பேச்சு மொத்தம் பத்து வார்த்தை இருக்கும், அத்தனையும் பட்டையைப் பற்றி. முடித்துக் கொடுத்ததும் சின்னவள் மேஜைமேல் கிடந்த குறட்டை எடுத்தாள். பட்டையை முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தையலைக் குறட்டால் பற்றி இழுத்தாள். ஓரத்தில் இழுத்தாள், நடுவில் இழுத்தாள். தேறாத மணிக்கட்டு வலித்து முகம் சுளித்தது. கையை மாற்றிக்கொண்டு மறு ஓரத்தையும் இழுத்தாள்.

இருபது வருஷத்தில் பெரியவள் தைத்ததை அவள் கண்ணெதிரில் யாரும் அப்படி இழுத்துப் பார்த்ததில்லை. பெரியவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உள்வரிசையையும் பாத்துக்கோ" என்றாள்.

சின்னவள் பட்டையைத் திருப்பினாள்.